வந்தவரைத் தங்க வைத்த ஊர்

ஆளைச் சேர்ப்பது சுலபம். நிலைக்க வைப்பதுதான் பாடு. நாற்பது வருஷம் கடை நடத்திய எனக்கு இது நன்றாகவே தெரியும். "சம்பளம் வாங்கினான், சொல்லாம கொள்ளாம ஊருக்குப் போயிட்டான்" என்று அலுத்துக்கொள்ளாத முதலாளி உண்டா? இதே கவலை ஒரு நூற்றாண்டுக்கு முன் டாடா இரும்பு எஃகுக் கம்பெனிக்கும் இருந்தது. நம்மவர் பலருக்கும் சோறு போட்ட ஜாம்ஷெட்பூரின் கதை அது.

கம்பெனி 1907-இல் பதிவாயிற்று. ஆலைக்குத் தேர்ந்த இடம் சாக்சி என்னும் சிற்றூர், சுற்றிலும் காடு. 1912 பிப்ரவரியில் முதல் எஃகு வார்க்கப்பட்டது. பல திசைகளிலிருந்தும், பல பாஷை பேசும் ஜனங்கள் வேலைக்கு வந்தார்கள். உலை முன் நிற்பது லேசான காரியமல்ல. கூலியை மட்டும் நம்பி அங்கே யார் தங்குவார்கள்?

ஜாம்ஷெட்ஜி டாடா இதை முன்பே உணர்ந்தவர். 1877-இல் நாக்பூரில் தொடங்கிய எம்பிரஸ் மில்லில், 1886-இலேயே ஓய்வூதிய நிதி ஏற்படுத்தினார். 1902-இல் மகன் தொராப்ஜிக்கு எழுதிய கடிதத்தில், வரப்போகும் ஊருக்கு அகன்ற வீதிகளும் நிழல் மரங்களும் விளையாட்டுத் திடல்களும் எல்லா மதத்தவருக்கும் வழிபாட்டிடமும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். 1904-இல் அவர் காலமானார்; ஊரைக் கண்ணால் பார்க்கவில்லை.

வாசகர்கள் இந்த வருஷங்களைக் கவனிக்க வேண்டும். எட்டு மணி நேர வேலை அங்கே 1912-இல் வந்தது. இலவச வைத்தியம் 1915-இல். சம்பளத்துடன் விடுமுறையும் வருங்கால வைப்பு நிதியும் 1920-இல். வைப்பு நிதிக்கு நாடு முழுதும் சட்டம் வந்ததோ 1952-இல்தான். புதியவர்களுக்குத் தொழில் கற்பிக்க 1921-இல் பயிற்சிப் பள்ளி திறந்தார்கள். மகப்பேறு உதவி 1928-இல் வந்தது. அதற்கான மத்தியச் சட்டம் 1961-இல்.

ஆனால் சரித்திரம் எழுதுகிறவன் பாதிக் கணக்கை மறைக்கக்கூடாது. அதே 1920-இல் கூலி உயர்வு கேட்டு அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். 1928-இல் மறுபடியும் மாதக்கணக்கில் போராட்டம். சுபாஷ் சந்திர போஸ் வந்து தொழிலாளர் சங்கத் தலைமை ஏற்றார். வைத்தியசாலையும் வைப்பு நிதியும் இருந்தாலும், தன் குறையைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் மனிதன் அடங்கியிருக்க மாட்டான் என்பதே இதன் பாடம்.

இதை ஏன் சங்க மலரில் எழுதுகிறேன்? நம்மில் பாதிப்பேர், ஒரு டிரங்குப் பெட்டியோடு பாஷை தெரியாத ஊரில் வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள். இன்று நம் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் ஊரிலிருந்து பையன்கள் வருகிறார்கள். பெரிய கம்பெனியைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் பல, நாலு பேர் வேலை செய்யும் கடைக்குப் பொருந்தா. அங்கே நம் மனசாட்சிதான் சட்டம். படுக்கக் காற்றோட்டமான இடம், வாரம் ஒரு நாள் லீவு, காய்ச்சல் வந்தால் டாக்டர், தொழிலைச் சொல்லிக்கொடுக்க ஒரு மூத்தவர், அவன் பேரில் ஒரு சேமிப்புக் கணக்கு: இவ்வளவுக்கும் பெரிய முதல் தேவையில்லை. இவற்றோடு, மாதம் ஒருமுறையாவது அவனை உட்காரவைத்து, "என்னப்பா, ஏதாவது குறை இருக்கா?" என்று கேளுங்கள். சொன்னால் கோபப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.