வாயில் இல்லாத ஆலை: அமெரிக்க விமானப் பணியாளர் சங்கங்களும் செய்தியின் வலிமையும்

ஆலைத் தொழிற்சங்கங்களை அறிந்தவர்களுக்கு வாயிற்கூட்டம் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஷிப்டு முடிந்து வெளியேறுபவர்களும் உள்ளே நுழைபவர்களும் ஒரே வாயிலில் சந்திக்கும் அந்தக் கால்மணி நேரத்தில் சங்கம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும். விமானக் கேபினில் வேலை செய்பவர்களுக்கு அப்படியொரு வாயில் இல்லை. பெரிய அமெரிக்க விமான நிறுவனங்களில் ஒவ்வொரு மாதமும் பணிமூப்பு வரிசைப்படி அவரவர் தமக்கான பறப்புகளைக் கேட்டுப் பெறுகிறார்கள். இன்று சிகாகோவிலிருந்து சேர்ந்து பறந்த நால்வர் ஓராண்டுவரை மறுபடி ஒருவரையொருவர் காணாமலே போகலாம்.

அந்தப் பணிமூப்பும் நிறுவனத்தோடு கட்டுண்டது. இருபது ஆண்டுகள் பறந்தவர் வேறு நிறுவனத்துக்குப் போனால் பட்டியலின் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வகுத்துத் தந்த சொற்களில் கூறினால், இங்கே 'வெளியேறுதல்' கட்டுப்படியாகாது. எஞ்சுவது 'குரல்' ஒன்றே. ஆனால் பக்கத்து விமானத்தில் இருப்பவருக்கும் தன் குறையே குறையா என்று தெரியாதவர் எதைச் சொல்லிக் குரல் எழுப்புவார்? உறுப்பினர்களுக்குச் செய்தி தருவதைக் கூட்டுப்பேரத்தின் துணைப்பணியாகக் கருதுவது வழக்கம். இந்தத் தொழிலில் நிலைமை தலைகீழ் என்பதே என் வாதம். சிதறிக் கிடக்கும் பறப்புகளை ஒரே பணிக்களமாக ஆக்குவது சங்கத்தின் செய்திதான்.

2011இல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் தன் பணியாளர்களுக்குப் புதிய சீருடை வழங்கியது. சிலருக்குத் தோல் தடித்தது, சிலருக்குக் கண் எரிந்தது, சிலருக்குக் குரல் கம்மியது. தனித்தனியாகப் பார்த்தால் இவை அவரவர் மருத்துவரோடு முடிந்துபோகும் ஒவ்வாமைகள். அவற்றைச் சங்கம் கேட்டு வாங்கித் தொகுத்தபோதுதான் உடல்நலக் குறை தொழில்நலப் பிரச்சினையாக உருமாறியது. சீருடை வருமுன் எடுத்த உடல்நலக் கணக்கெடுப்பையும் வந்தபின் எடுத்ததையும் ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னர் ஒப்பிட்டுப் பார்த்து, இத்தகைய அறிகுறிகள் கூடியிருந்ததைப் பதிவு செய்தனர். காரணம் இந்த வேதிப்பொருள்தான் என்று எவரும் உறுதியாகச் சுட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் நிறுவனம் அந்தச் சீருடையை மாற்றியது. இங்கே செய்தி சங்கத்திலிருந்து உறுப்பினருக்கு இறங்கி வரவில்லை. கீழிருந்து மேலேறி, எண்ணிக்கையாகி, பிறகே சுற்றறிக்கையாகத் திரும்பியது. 'தகவல் தெரிவித்தல்' என்ற நம் சொல்லாட்சி இந்த முதற்பாதியை மறைத்துவிடுகிறது.

இந்த வேலை சங்கத்தின் தலையில் விழுந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1975இல் கூட்டரசு விமானப் போக்குவரத்து நிர்வாகம், பறக்கும் விமானத்தில் பணியாளரின் பாதுகாப்பும் நலமும் தன் அதிகார எல்லைக்குள் வருவன என்று அறிவித்தது. அதனால் 'ஓஷா' எனப்படும் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பு கேபினுக்குள் நுழைய முடியவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2013இல்தான், ஓஷாவின் மூன்று விதிகள் கேபின் பணியாளருக்கும் பொருந்தும் என்று கொள்கை மாறியது: கேட்கும் திறன் காப்பு, இரத்தவழித் தொற்றுக் காப்பு, கையாளும் வேதிப்பொருள்களின் ஆபத்தைத் தெரிவித்தல். தரையில் துப்புரவு செய்பவருக்குப் பல ஆண்டுகளாக இருந்துவந்த இந்த மூன்றாவது உரிமை வானில் பணிபுரிபவருக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது. அதுவரை அந்த இடத்தை நிரப்பும் பொறுப்பு சங்கத்தின் சுற்றறிக்கைகளைச் சார்ந்திருந்தது.

செய்தி என்றால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று பொருளல்ல. விமானப் பணியாளர் சங்கம் (ஏ.எஃப்.ஏ.) 1993இல் அதே அலாஸ்கா ஏர்லைன்ஸில் கையாண்ட 'கேயாஸ்' உத்தி இதற்கு நல்ல சான்று. எந்தப் பறப்பும் எந்த நேரத்திலும் முன்னறிவிப்பின்றி நிறுத்தப்படலாம் என்பதை ஊரறியச் சொன்னார்கள். எந்தப் பறப்பு என்பதை மட்டும் சொல்லவில்லை. உண்மையில் நிறுத்தியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. பயணிகளின் ஐயம் மற்றதைச் செய்தது. இப்படி விட்டுவிட்டு நடத்தும் வேலைநிறுத்தத்துக்காகப் பணியாளர்களைத் தண்டிக்கக்கூடாது என்று கூட்டரசு நீதிமன்றம் அவ்வாண்டே கூறியது. தொகுப்பதில் இருக்கும் திறமைக்கு, எதைச் சொல்லாமல் வைப்பது என்பதில் இருக்கும் திறமை சற்றும் குறைந்ததல்ல.

அந்தத் திறமைக்கு எல்லையும் உண்டு. 1926இன் ரயில்வே தொழிலாளர் சட்டம் 1936இல் விமானத் துறைக்கும் விரிவாக்கப்பட்டது. வானில் பறப்பவரை இருப்புப்பாதைச் சட்டம் ஆள்வதை ஒரு வரலாற்று விநோதம் என்றே சொல்லலாம். அச்சட்டத்தின் கீழ், பேச்சுவார்த்தைப் படிகள் முடியும்வரை பணியை முடக்கக் கூடாது. 1999 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் திரளாக உடல்நலமில்லை என்று விடுப்பெடுத்தார்கள். பணிக்குத் திரும்பச் சொல்லும் ஆணை பிறந்த பிறகும் விமானிகளைத் திரும்ப அழைக்கப் போதிய முயற்சி எடுக்கவில்லை என்று விமானிகள் சங்கத்துக்கு விதிக்கப்பட்ட நீதிமன்ற அவமதிப்பு அபராதம் 4.55 கோடி டாலர். 2008இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானிகளின் வழக்கில் நீதிமன்றம் சங்கத்தின் அறிவிப்புகளைப் படித்துப் பார்த்தது. ஒப்பந்தப்படி மட்டும் பறக்குமாறு அவை நினைவூட்டியதாகச் சங்கம் சொன்னது. நீதிமன்றமோ அவற்றில் ஒத்துழையாமைக்கான அழைப்பைக் கண்டு தடையாணை பிறப்பித்தது.

இத்தீர்ப்புகள் தொழிலாளருக்குக் கெடுதலானவை என்பது என் கருத்து. எனினும் ஒரு வகையில் அவை என் வாதத்துக்கே துணை நிற்கின்றன. சங்கத்தின் அறிவிப்பு வெறும் சேவையாக இருந்தால், அது போதிய அழுத்தத்தோடு சொல்லப்படவில்லை என்பதற்கு எவரும் 4.55 கோடி டாலர் கேட்க மாட்டார்கள்.

இந்த வாதத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சங்கம் வேண்டுமா என்று முடிவு செய்யும் தேர்தலில், தகுதியுள்ள எல்லோரிலும் பெரும்பான்மை தேவை என்பது 2010 வரை இத்துறையின் விதி. வாக்களிக்காதவர் வேண்டாம் என்றவராகவே எண்ணப்பட்டார். சேதி எட்டாதவரின் மௌனம் நிறுவனத்தின் கணக்கில் சேர்ந்தது. 2008இல் டெல்டா ஏர்லைன்ஸின் விமானப் பணியாளர் தேர்தலில் சுமார் 40 விழுக்காட்டினர் மட்டுமே வாக்களித்தனர். அவர்களில் ஏறக்குறைய அனைவரும் சங்கம் வேண்டும் என்றே வாக்களித்தும் தேர்தல் தோற்றது. 2010இல், இத்தேர்தல்களை நடத்தும் தேசிய சமரச வாரியம் விதியை மாற்றி, பதிவான வாக்குகளில் பெரும்பான்மை போதும் என்றது. அவ்வாண்டு இறுதியில், நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸோடு இணைந்துவிட்ட டெல்டாவில் மறுபடி தேர்தல் நடந்தது. இரு தரப்பும் ஓயாமல் பரப்புரை செய்தன. இம்முறை பெரும்பாலோர் வாக்களித்தார்கள். சங்கம் சில நூறு வாக்குகளில் தோற்றது.