வழிச்செலவுக் கணக்கு

இலங்கையின் சப்ரகமுவத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில் வழிச்செலவுக்குக் குறைவிருக்கவில்லை. தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு ஆள் பிடிக்கப் போன கங்காணி மடியில் முன்பணத்தோடுதான் போனார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர வில்லை முறை வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த அந்த வில்லையைக் கட்டிக்கொண்டவரை ரயிலேற்றி, கப்பலேற்றி, சோறும் போட்டுக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். செலவு தோட்டத்துக் கணக்கில் ஏறும். முன்பணமோ ஆளின் தலையில் கடனாக இறங்கும். அந்தக் கடனைக் காட்டும் துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்கு மாற முடியாது என்ற வழக்கம் சட்டப்படி ஒழிந்தது 1921இல்.

அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் புலமைப்பரிசிலுக்கும் கல்லூரிக்கும் நேர்முகப் பரீட்சைக்குப் புறப்பட்டபோது வில்லை கொடுக்க யாரும் இல்லை.

1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதன் வாசலுக்கு வெளியே நின்றன. பெரும்பாலானவற்றில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதே 1940களில், இலங்கையில் இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்த எம்.எஸ். ஆனே காலத்தில், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளின் உயர்கல்விக்கென ஒரு நிதியம் உருவானது. இன்றும் இந்திய உயர்ஸ்தானிகராலயம் அதன் வழியே உதவுகிறது. ஆனால் எந்தப் புலமைப்பரிசிலும் தெரிவானவருக்குத்தான். தெரிவாவதற்கு முன் ஆகும் செலவு அப்பா அம்மாவின் கணக்கு.

போக்குவரத்துக் கதை இன்னும் விசித்திரம். களனிவெளிப் பாதையின் இரண்டரை அடி அகலத் தண்டவாளம் 1903இல் யட்டியாந்தோட்டையையும், 1912இல் இரத்தினபுரியையும், 1919இல் ஒப்பநாயக்கவையும் எட்டியது. தேயிலையையும் றப்பரையும் கொழும்புக்கு இறக்கப் போட்ட பாதை அது. யட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கழற்றப்பட்டது. 1976இல் இரத்தினபுரிக்கும் ரயில் நின்றது. தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றதும் அந்த 1970களில்தான். பிள்ளை படித்து மேலே வரும் வேளைக்கு ரயில் போய்விட்டது.

மிஞ்சியது பஸ். கொழும்பில் காலை ஒன்பது மணிக்கு நேர்முகம் என்றால் பலாங்கொடைப் பக்கத்துப் பிள்ளை இருட்டிலேயே தோட்டத்தை விட்டு இறங்க வேண்டும். அந்நேரத்தில் தோட்டத்து ரோட்டில் பஸ் ஏது? டவுன் வரை த்ரீவீலர் பிடிக்க வேண்டும். அந்த வாடகையே பல இடங்களில் கொழும்பு டிக்கெட்டை விட அதிகம். இல்லையென்றால் முதல் நாளே போய், புறக்கோட்டைக் கடையில் வேலை செய்யும் சொந்தக்காரர் அறையில் ஒதுங்க வேண்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி நேர்முகத்துக்கோ அவிசாவளை, கினிகத்தேனை, ஹட்டன் என்று மலையைச் சுற்றி ஏற வேண்டும்.

டிக்கெட்டை மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பும். கூடப் போகும் அப்பாவுக்கு அன்று ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், இல்லை. றப்பர்ப் பால் வெட்டும் அம்மா லீவு போட்டால் அதுவும் போச்சு. 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய குடும்பங்களுக்கு, நேர்முகத்தில் காட்ட வேண்டிய பத்திரங்களைத் தேடியே கச்சேரிக்கும் பதிவாளரிடமும் தனி நடை.

1977, 1983 வன்செயல்களில் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களும் அடி வாங்கின. பிறகு போர்க்காலம்; வழியெல்லாம் சோதனைச் சாவடி. பெண் பிள்ளையைத் தனியாக பஸ் ஏற்ற எந்த வீடு துணியும்? டிக்கெட் இரண்டானது.

போர் முடிந்தும் கணக்கு இலேசாகவில்லை. 2022 ஜனவரியில் 17 ரூபாவாக இருந்த குறைந்தபட்ச பஸ் கட்டணம் ஜூலையில் 40 ரூபா. தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் நிர்ணயித்த 1,000 ரூபாவிலேயே நின்றது. 1,350 ஆனது 2024இல்.