பூமிக்கடியில் வில்லங்கம்

நம் ஊரில் வீடு வாங்கப் போகிறவர் முதலில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில், குவென்னப் என்ற பாரிஷில் வீடு வாங்குகிறவர் பூமிக்கடியிலும் வில்லங்கம் பார்த்தாக வேண்டும். மனைக்கு அடியில் பழைய சுரங்கம் போகிறதா, தோட்டத்து மூலையில் யாரோ மண் தள்ளி மூடிய குழி இருக்கிறதா என்று பழைய வரைபடங்களைத் துழாவி அறிக்கை தருவதற்கென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அதோடு விடமாட்டார்கள். சுவரில் துளை போட்டு ஒரு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்தப் பக்கம் சுரங்கக் கழிவுக் கல்லைச் சேர்த்தே கான்கிரீட் கட்டிகள் வார்த்தார்கள். கல்லில் இருக்கும் கந்தகத் தாது ஈரம் பட்டால் கட்டியை உள்ளிருந்தே அரித்துவிடும். ‘மண்டிக்’ என்பது அதன் பெயர். சோதனையில் தேறாத வீட்டை நம்பிக் கடன் தர வங்கிகள் தயங்கும்.

மேலே நின்று பார்ப்பவருக்கு இதெல்லாம் தெரியாது. கோபுரம் தனியாகவும் கோயில் தனியாகவும் நிற்கும் பழைய தேவாலயம், கல்வேலி கட்டிய சிறு வயல்கள், ஐவிக்கொடி ஏறிய எஞ்சின் வீடுகள். தாது வண்டிகள் ஓடிய தடத்தில் இப்போது சைக்கிள் ஓட்டுகிறார்கள். சில குழிகளின் வாயில் கூம்பு வடிவத்தில் இரும்புக் கம்பி வலை போட்டிருக்கிறார்கள். மனிதர் விழக்கூடாது, உள்ளே குடியிருக்கும் வௌவால்கள் வந்து போகவேண்டும். ஓய்வுபெற்றவர்கள் தேடிப் போகும் ஊர். ஆனால் இந்த அமைதிக்கு வயது ஏறக்குறைய நூற்றைம்பதுதான்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே செம்பு கிடைத்தது. கிடைத்தது என்றால் சாதாரணமாக அல்ல. பழைய உலகத்திலேயே பணக்காரச் சதுர மைல் இதுதான் என்று அந்தக் காலத்தவர் பெருமையடித்தார்கள். யார் அளந்தார்களோ! செம்பு இருந்த ஆழத்தில் தண்ணீரும் இருந்தது. அதை வடிக்க 1748-ல் ஒரு வடிகால் குடைவைத் தொடங்கினார்கள். மலையடிவாரத்திலிருந்து மேல்நோக்கி லேசான சாய்வில் குடைந்துகொண்டே போனால், அதற்கு மேலே இருக்கும் சுரங்கத்து நீர் தானாக ஓடிவந்துவிடும். பக்கத்துச் சுரங்கங்களும் கிளை வெட்டிச் சேர்ந்துகொண்டன. கிளைகளோடு சேர்த்து முப்பது மைலுக்கும் மேல் நீண்டது அது. அந்த மட்டத்துக்கும் கீழே போனபோது நீராவி எஞ்சின் தேவைப்பட்டது. ஜேம்ஸ் வாட்டின் எஞ்சின்கள் பர்மிங்ஹாமிலிருந்து 1770-களிலேயே இந்த வட்டாரத்துக்கு வந்துவிட்டன. எஞ்சின் இறைக்கும் நீரைக் குடைவு மட்டம் வரை தூக்கினால் போதும். தரை வரை கொண்டுவர வேண்டியதில்லை. மிச்சமானது அத்தனையும் நிலக்கரிச் செலவு.

சுரங்கம் மூடினாலும் வடிகால் ஓய்வதில்லை. அந்தக் குடைவு இன்றும் கார்னன் ஆற்றில் நீரைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. அதே பள்ளத்தாக்கில் வீல் ஜேன் என்ற வெள்ளீயச் சுரங்கம் 1991-ல் மூடியது. நீர் இறைப்பதை நிறுத்தினார்கள். 1992 ஜனவரியில் உள்ளே தேங்கிய அமில நீர் ஒரு பழைய குடைவை உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. இரும்பும் துத்தநாகமும் காட்மியமும் கலந்த அந்த நீரில் ஆறும் கழிமுகமும் ஆரஞ்சு நிறமாயின. அதைச் சுத்திகரிக்கக் கட்டிய நிலையம் சுரங்கத்தால் ஒரு காசு வருமானம் இல்லாத காலத்திலும் ஓடியாக வேண்டியிருக்கிறது.

இனி ஆட்களைப் பற்றி. கார்ன்வால் சுரங்கத்தில் கூலி முறை இரண்டு. ஒரு சாரார் பாதை வெட்டுகிறவர்கள். வெட்டிய அளவுக்கு இவ்வளவு என்று கூலி. இன்னொரு சாரார் தாது எடுப்பவர்கள். எடுத்த தாதுவின் விலையில் இத்தனை பங்கு என்று பேரம். குறிப்பிட்ட நாளில் கேப்டன், அதாவது சுரங்க மேலாளர், ஒவ்வொரு பகுதியையும் ஏலம் விடுவார். குறைந்த பங்குக்கு ஒத்துக்கொள்கிறவருக்கு வேலை. கேப்டன் ஒரு கூழாங்கல்லை மேலே வீசுவாராம். அது தரையில் விழும்போது கடைசியாகக் கேட்ட குரலுக்கு ஏலம் முடிந்தது. பாறையைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கும் என்று கணிக்கத் தெரிந்தவன் பிழைத்தான். தெரியாதவன் குடும்பம் பட்டினி. இதைத் தொழிலாளியின் சுதந்திரம் என்று புகழ்ந்தவர்கள் உண்டு. நட்டத்தைத் தொழிலாளி தலையில் கட்டும் சாமர்த்தியம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேலை முடிந்தபின் ஏணி. நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறித்தான் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். நெஞ்சு நோயில் இளம் வயதிலேயே செத்தவர்கள் ஏராளம். 1842-ல் இந்தப் பாரிஷைச் சேர்ந்த ட்ரெசவீன் சுரங்கத்தில் மைக்கேல் லோம் என்ற பொறியாளர் கார்ன்வாலின் முதல் ‘மனித எஞ்சினை’ நிறுவினார். குழிக்குள் நெடுக மேலும் கீழும் போய்வரும் கம்பங்கள், அவற்றில் படிகள். கம்பம் மேலே வரும்போது படியில் நின்றுகொள்ள வேண்டும்; அது இறங்குவதற்குள் பக்கத்துப் படிக்குத் தாவ வேண்டும்; மறுபடி ஏற்றம், மறுபடி தாவல். கால் பிசகினால் அவ்வளவுதான். ஆனாலும் ஏணிக்கு இது சொர்க்கம். பெண்கள் குழிக்குள் இறங்கவில்லை. மேலே, மழையிலும் காற்றிலும், சுத்தியலால் தாதுவை உடைத்தார்கள், சிறுமிகளும்தான்.

இப்படிப்பட்டவர்களுக்குத்தான் மெதடிஸ்ட் போதகர் ஜான் வெஸ்லி பிரசங்கம் செய்தார். 1762-ல் வழக்கமான இடத்தில் பலத்த காற்று. பக்கத்தில் ஒரு பெரும் பள்ளம். சுரங்கம் உள்வாங்கியதால் ஏற்பட்டது என்கிறார்கள். அதற்குள் இறங்கிப் பேசினார். 1789 வரை பதினெட்டு முறை அங்கே பேசியிருக்கிறார். ஒரு தடவை முப்பத்திரண்டாயிரம் பேர் கூடியதாக அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கொஞ்சம் தாராளமான கணக்குதான். 1806-ல் பள்ளத்தை வட்டப் படிக்கட்டுகளாகச் சீரமைத்தார்கள்; அந்தப் புல்படிகள் இன்றும் இருக்கின்றன.

1819-ல் ஜான் டெய்லர் வருகிறார். பத்தொன்பது வயதிலேயே டெவனில் ஒரு செப்புச் சுரங்கத்தை நிர்வகித்தவர். குவென்னப்பில் நீர் நிரம்பிக் கைவிடப்பட்ட ‘கன்சாலிடேட்டட்’ என்ற சுரங்கங்களை லண்டன் பணத்தைக் கொண்டுவந்து மறுபடி திறந்து, ஏராளமான லாபம் ஈட்டினார். 1824-ல் அவருடைய கம்பெனி மெக்சிகோவின் ரியல் டெல் மோன்டே வெள்ளிச் சுரங்கத்துக்கு கார்ன்வால் ஆட்களை அனுப்பியது. அவர்கள் கொண்டுபோன, கறி வைத்த மாவுப் பண்டம் அங்கே இன்றும் கடைகளில் விற்கிறது.

1866-ல் செம்பு விலை சரிந்தது. வெளிநாட்டுச் செம்பு மலிவாக வந்து குவிந்தது. அதே ஆண்டு லண்டனில் ஒரு பெரிய நிதி நிறுவனம் கவிழ்ந்தது. குவென்னப் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடின. ஆண்கள் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் தென் ஆப்பிரிக்காவுக்கும் கப்பல் ஏறினார்கள். எஞ்சின் சத்தம் நின்றது. ஊர் அமைதியானது. 2006-ல் யுனெஸ்கோ அந்த வட்டாரத்தையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இப்போது சுடுநீர் ஊற்றெடுத்த பழைய யுனைடெட் சுரங்கத்துப் பக்கத்தில் 5 கிலோமீட்டருக்கும் ஆழமாகத் துளையிட்டு, பாறையின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்க முனைந்திருக்கிறார்கள். அந்த நீரில் லித்தியமும் இருக்கிறதாம். தூங்கும் ஊரை மறுபடி எழுப்பப் போகிறார்கள்.

டெய்லர் 1863-ல் காலமானார். பிள்ளைகள் நடத்திய ‘ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்’ 1880-களில் மைசூர் சமஸ்தானத்தில் ஒரு வறண்ட மேட்டு நிலத்துக்கு வந்தது. அதுதான் கோலார் தங்கவயல். கூடவே கார்ன்வால் கேப்டன்களும் வந்தார்கள். சொந்த ஊரில் கூழாங்கல் வீசி ஏலம் விட்டவர்கள், இங்கே பங்களாவும் கிளப்புமாகத் துரைகளானார்கள். குழிக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர்கள். அவர்களுக்குக் கிடைத்தவை மூங்கில் தட்டி வைத்த குடிசைகள், வரிசை வரிசையாக. அடுத்த வாரம் அந்த லைன்களுக்குள் போவோம்.

(தொடரும்)