நூலிலிருந்து பிரிந்த செப ஏடுகள்

13ஆம் நூற்றாண்டிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, மேற்கு ஐரோப்பாவில் வசதி படைத்த குடும்பங்கள் விரும்பி எழுதுவித்துக்கொண்ட நூல் நேரச் செப நூல். துறவியர் நாளுக்கு எட்டு வேளை சொல்லும் செபங்களை ஒட்டி, மாதாவுக்கான செபங்கள், திருநாள் பட்டியல், ஏழு தவச் சங்கீதங்கள், இறந்தோருக்கான மன்றாட்டு ஆகியவை இதில் இருக்கும். பாரிஸிலும் புரூஜிலும் இது ஒரு பெருந்தொழிலாகவே நடந்தது.

கன்றுத்தோலையோ ஆட்டுத்தோலையோ சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறைக் கத்தியால் சுரண்டி ஏடாக்கினார்கள். எழுத்தர் ஓரத்தில் துளையிட்டுக் கோடு கிழித்து, ஓவியத்துக்கு இடம் விட்டு எழுதினார். பொன் வேலை அடுத்தது. சுண்ணமும் பசையும் குழைத்த பூச்சைச் சற்றே மேடாகத் தடவி, அது காய்ந்தபின் தங்கரேக்கு ஒட்டி, நாய்ப்பல்லாலோ வழவழப்பான கல்லாலோ தேய்ப்பார்கள். ஏட்டைச் சாய்த்தால் பொன் பளிச்சிடுவது இந்த மேட்டினால்தான். தேய்ப்பில் ஓவியம் கெடாதிருக்க, வண்ணம் கடைசியில்தான் வரும். மாதாவின் மேலாடைக்கான நீலம் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் சுரங்கங்களில் கிடைத்த லாபிஸ் லாசுலிக் கல்லிலிருந்து வந்தது.

அச்சு நூல்கள் மலிந்தபின் இத்தொழில் ஒடுங்கியது. பழைய நூல்களை அலங்காரத்துக்காக வெட்டி விற்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் வலுத்தது. சிஸ்டைன் சிற்றாலய நூல்களிலிருந்து வெட்டிய ஓவியங்கள் 1825இல் லண்டனில் ஏலம் போயின. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஓவியக் கல்வி கற்பித்த ஓட்டோ ஈகே, பல நூல்களைப் பிரித்து ஏடு ஏடாக விற்றார். எளியோர் கைக்கும் எட்டட்டும் என்பது அவர் சொன்ன நியாயம். ஏடுகள் சிறு ஊர்க் கல்லூரிகளுக்கும் போய்ச் சேர்ந்தது உண்மையே. ஆனால் ஒரு செபம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, நூலை எழுதுவித்தவர் யார் என்ற செய்திகள் அதோடு சிதறின. அந்த இழப்புக்கு இந்த நியாயம் ஈடாகாது.

தனி ஏடும் சில வேளைகளில் தன் ஊரைச் சொல்லும். திருநாள் பட்டியலின் ஏட்டில் ஜனவரி 3க்கு நேரே புனித ஜெனவியேவின் பெயர் பொன்னில் இருந்தால், அது பாரிஸ் வழிபாட்டுக்கென எழுதியது என்று கொள்ளலாம். இத்தகைய தடயங்களோடு கோடுகளின் அளவையும் எழுத்தின் அமைப்பையும் ஒப்பிட்டு, பிரிந்த நூல்களை ஆய்வாளர்கள் இப்போது கணினியில் கூட்டுகிறார்கள். ஈகேயும் ஒரு வணிகரும் 1942இல் பிரித்து விற்ற போவே திருப்பலி நூலின் நூற்றுக்கும் மேற்பட்ட ஏடுகள் இவ்வாறு அடையாளம் காணப்பட்டுள்ளன.