பயன்படுத்துவோர் உரிமையும் கட்டற்ற மென்பொருளும்: க்னோம் 3 எழுப்பிய எதிர்வினை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவற்றை நாள்தோறும் கையாண்டோர் எவற்றை ஏற்றனர், எவற்றை மறுத்தனர் என்பன ஆராயப்படுவது அரிது. கையாண்டோரின் கருத்துகள் பதிவு பெறாது மறைந்துபோவதே இதற்குக் காரணமாகும். 2011ஆம் ஆண்டு லினக்ஸ் பயன்படுத்துவோரிடையே எழுந்த ஒரு பிணக்கு இதற்கு விதிவிலக்காக அமைந்தது. அங்கு பயன்படுத்துவோரின் மறுப்பு புதிய மென்பொருள்களாகவே உருப்பெற்று நிலைத்தது.

கணனியை இயக்கியதும் திரையில் தோன்றும் சாளரங்கள், பட்டிகள், பொத்தான்கள் முதலியவற்றின் தொகுதியே மேசைத்தளச் சூழல் எனப்படும். வர்த்தக நிறுவனங்களின் இயங்குதளங்களில் இது இயங்குதளத்தோடு பிணைந்தே வருவது வழமை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்த லினக்ஸ், இயங்குதளத்தின் கருப்பகுதி மாத்திரமே ஆதலால், அதன்மேல் இயங்கும் மேசைத்தளத்தைப் பயன்படுத்துவோர் தாமே தெரிவுசெய்யலாம். 1996ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஜேர்மனியின் ரியூபிங்கன் பல்கலைக்கழக மாணவரான மத்தியாஸ் எட்ரிச் கே.டி.ஈ. என்னும் சூழலை உருவாக்க அழைப்பு விடுத்தார். அது அடித்தளமாகக் கொண்ட கியூட் என்னும் நிரற்றொகுதி அக்காலத்தில் கட்டற்ற உரிமத்தின்கீழ் வழங்கப்படவில்லை. இதனை ஏற்காத மெக்சிக்கோ நாட்டவரான மிகேல் டி இகாசா, பெடரிக்கோ மேனா ஆகியோர் 1997ஆம் ஆண்டு ஓகஸ்டில் க்னோம் திட்டத்தைத் தொடக்கினர். எனவே, பிற்காலத்தில் பெரும் எதிர்ப்புக்கு இலக்கான க்னோம், தானும் ஓர் எதிர்ப்பின் விளைவாகவே தோன்றியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

க்னோம் 3 இற்கு முன்னரே இத்தகைய பிணக்கு ஒன்று நிகழ்ந்திருந்தது. 2008 ஜனவரியில் கே.டி.ஈ. 4.0 வெளியாயிற்று. அது ஒரு புதிய வரிசையின் தொடக்கமே என ஆக்குநர் விளக்கினர். எனினும் வெளியீடு என்ற பெயரைக் கண்டோர் அதனை முழுமை பெற்ற ஒன்றாகவே எதிர்பார்த்தனர். முன்னைய 3.5இல் இருந்த வசதிகள் பல அதிற் காணப்படாமை கசப்பை விளைத்தது. பழைய வடிவத்தைக் கைவிட விரும்பாதோர் 2010இல் டிரினிட்டி என்னும் பெயரில் அதனைத் தொடர்ந்து வெளியிடலாயினர்.

2011 ஏப்ரல் 6இல் வெளியான க்னோம் 3 இன் மாற்றம் இதனினும் ஆழமானது. 2002 முதல் நிலவிய க்னோம் 2 இன் பட்டிகளும் பணிப்பட்டையும் நீக்கப்பட்டன. சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தானும் பெரிதாக்கும் பொத்தானும் அகற்றப்பட்டன. கணனியை நிறுத்துவதற்கான கட்டளைகூட, விசைப்பலகையின் ஒரு விசையை அழுத்தினாலன்றித் தோன்றாதவாறு மறைக்கப்பட்டது. கவனத்தைச் சிதறடிப்பனவற்றை நீக்கி, செய்யும் பணியிலேயே மனத்தை நிறுத்தச் செய்வது ஆக்குநரின் நோக்கமாகும். நோக்கம் நன்றாயினும் பயன்படுத்துவோர் பலர் கொதித்தெழுந்தனர். அதே ஆண்டு ஓகஸ்டில் டோர்வால்ட்ஸ் தாமே அதனைக் கடுமையாகக் கண்டித்து, எக்ஸ்.எப்.சி.ஈ. என்னும் வேறொரு சூழலுக்கு மாறினார். கே.டி.ஈ. 4.0ஐ வெறுத்து க்னோமுக்கு வந்தவரும் அவரே.

இவ்வெதிர்ப்பினைப் புதுமைக்கு அஞ்சும் பழமைவாதமென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் அது முழுமையான விளக்கமாகாது. ஒரு கருவியைக் கையாளப் பழகுவதும் உழைப்பே. பல ஆண்டுகளாகக் கையும் கண்ணும் பெற்ற பயிற்சி, பயன்படுத்துவோர் அக்கருவியில் இட்ட முதலுக்கு ஒப்பாகும். ஒரே வெளியீட்டில் அம்முதல் பயனற்றுப்போகும்போது எழும் சினத்திற்கு நியாயமுண்டு. தம்மைக் கேளாமலே தமது பணிமுறை மாற்றப்பட்டது என்பதே அவர்தம் முறைப்பாட்டின் சாரமாகும்.

இங்கு உரிமத்தின் பங்கு தெளிவாகின்றது. 2012இல் வெளியான விண்டோஸ் 8 தொடக்கப் பொத்தானை நீக்கியபோதும் இத்தகைய சினமே எழுந்தது. ஆயின் அம்மென்பொருளின் மூலநிரல் பயன்படுத்துவோர் கையில் இல்லை. 2013இல் பொத்தானும் 2015இல் விண்டோஸ் 10உடன் பழைய பாணியிலான தொடக்கப் பட்டியும் மீளும்வரை நிறுவனத்தின் முடிவுக்காக அவர்கள் காத்திருக்க நேர்ந்தது. க்னோமின் மூலநிரலையோ எவரும் பெற்று, மாற்றி, மீள வெளியிடலாம். அவ்வுரிமையைக் கொண்டு ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த ஒருவர் 2011இலேயே க்னோம் 2 இன் நிரலிலிருந்து மாத்தே என்னும் கிளையைத் தொடக்கினார். லினக்ஸ் மின்ட் குழுவினர், க்னோம் 3 இன் அடித்தளத்தை வைத்துக்கொண்டே பழகிய தோற்றத்தைத் தரும் சினமன் என்னும் சூழலை உருவாக்கினர்.

எனினும் இவ்வுரிமைக்கு ஓர் எல்லை உண்டு. மூலநிரல் அனைவர்க்கும் திறந்திருப்பினும் அதனைப் பேணும் ஆற்றலும் நேரமும் அனைவர்க்கும் வாய்ப்பதில்லை. முறையிட்டோர் பலர், பொறுப்பேற்றோர் சிலர். அச்சிலரின் உழைப்பினாலேயே பலரின் விருப்பம் நிறைவேறியது. மேலும், பழமையைக் காக்கப் புறப்பட்டோரும் மாற்றத்தினின்று தப்பவில்லை. க்னோம் 3 இற்கென உருவான ஜி.ரி.கே. 3 என்னும் நிரற்றொகுதிக்கு மாத்தே 2017இல் முற்றாக மாறவேண்டியதாயிற்று.

மறுபுறத்தே க்னோம் ஆக்குநரும் ஓரளவு இறங்கிவந்தனர். 2012இல் வெளியான 3.6 பதிப்பில் கணனியை நிறுத்தும் கட்டளை மீண்டும் வெளிப்படையாக இடம்பெற்றது. 2013இல் வெளியான 3.8 பதிப்பு, பழைய அமைப்பை ஒத்த க்னோம் கிளாசிக் என்னும் தெரிவை வழங்கியது. ரெட் ஹற் நிறுவனம் 2014இல் வெளியிட்ட தனது தொழில்சார் பதிப்பில் இதனையே இயல்பு நிலையாக அமைத்தது. டோர்வால்ட்சும் காலப்போக்கில் க்னோமுக்கு மீண்டார். எனினும் அடிப்படை வடிவமைப்பை ஆக்குநர் விட்டுக்கொடுக்கவில்லை.

தொகுத்து நோக்குமிடத்து, இப்பிணக்கில் இரு தரப்பினரும் முழு வெற்றியோ முழுத் தோல்வியோ எய்தவில்லை என்பது புலனாகும். ஆக்குவோர் தாம் விரும்பியவாறு ஆக்கும் உரிமையை இழக்கவில்லை. பயன்படுத்துவோர் தாம் விரும்பாததை மறுக்கும் உரிமையை இழக்கவில்லை. இவ்விரு உரிமைகளும் ஒருங்கே நிலைக்க இடமளித்தது கட்டற்ற உரிமமே. ஆயினும் அவ்வுரிமை ஏட்டில் இருப்பதனால் மட்டும் பயன் விளைவதில்லை. அதனை உழைப்பாக மாற்ற முன்வருவோர் இருக்கும்வரையே அது உயிர்ப்புடன் விளங்கும் என்பதே 2011ஆம் ஆண்டின் நிகழ்வுகள் உணர்த்தும் உண்மையாகும்.