45 நாள், 23 கச்சேரி, பாடகரே பைலட்: அயர்ன் மெய்டனின் 'எட் ஃபோர்ஸ் ஒன்' டூர் சாத்தியமானது எப்படி?

பிரபல ராக் இசைக்குழுக்கள் தனி விமானத்தில் பறப்பது புது விஷயம் இல்லை. 1970-களிலேயே லெட் செப்பலின் குழு 'ஸ்டார்ஷிப்' என்ற போயிங் விமானத்தை வாடகைக்கு எடுத்துச் சுற்றியது. ஆனால், குழுவின் பாடகரே காக்பிட்டில் உட்கார்ந்து, சக கலைஞர்கள், ஊழியர்கள், டிரம்ஸ், கிட்டார், மேடைத் திரை என மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் போனால்?

பிரிட்டனைச் சேர்ந்த ஹெவி மெட்டல் குழு அயர்ன் மெய்டன் 2008-ல் அதைத்தான் செய்தது. அந்த டூரின் முதல் கச்சேரி நடந்தது இந்தியாவில், மும்பையில். வெளியிலிருந்து பார்த்தால் விளம்பர ஸ்டன்ட் மாதிரி தெரியும். ஆனால், அதற்குப் பின்னால் கறாரான ஒரு கணக்கு இருந்தது. அது என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த அயர்ன் மெய்டன்?

பேஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் 1975-ல் கிழக்கு லண்டனில் தொடங்கிய குழு இது. 1982-ல் வெளியான 'தி நம்பர் ஆஃப் த பீஸ்ட்' ஆல்பம் உலக அளவில் பெயர் வாங்கிக் கொடுத்தது. பாடகர் புரூஸ் டிக்கின்சன் இந்தக் குழுவுக்காகப் பாடிய முதல் ஆல்பமும் அதுதான். 1993-ல் விலகிய அவர், 1999-ல் மீண்டும் வந்து சேர்ந்தார்.

ஆல்பம் அட்டை, டி-ஷர்ட், மேடை என எங்கு பார்த்தாலும் எலும்பும் தோலுமாக முறைத்துக்கொண்டு நிற்கும் 'எடி' என்ற உருவம்தான் குழுவின் அடையாளம். அந்தப் பெயரையும், அமெரிக்க அதிபரின் 'ஏர் ஃபோர்ஸ் ஒன்' பெயரையும் கலந்து விமானத்துக்கு வைத்த பெயர்தான் 'எட் ஃபோர்ஸ் ஒன்'.

ஹெவி மெட்டல் பாடல்களுக்கு ரேடியோவில் பெரிய இடம் கிடைத்ததில்லை. ஊர் ஊராகப் போய் வாசித்துத்தான் இந்தக் குழு ரசிகர்களைச் சேர்த்தது. அதனால் அயர்ன் மெய்டனுக்கு டூர் என்பது கூடுதல் வருமானம் மட்டும் இல்லை, பிழைப்பே அதுதான்.

உடம்பை உருக்கிய 11 மாதம்

2008 டூரைப் புரிந்துகொள்ள, 1984-க்குப் போக வேண்டும். 'பவர்ஸ்லேவ்' ஆல்பத்தை ஒட்டி அயர்ன் மெய்டன் நடத்திய 'வேர்ல்ட் ஸ்லேவரி டூர்' 1984 ஆகஸ்ட்டில் போலந்தில் தொடங்கி, 1985 ஜூலையில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் முடிந்தது. சுமார் 11 மாதங்களில் 180-க்கும் மேற்பட்ட கச்சேரிகள். மேடை முழுக்க எகிப்திய பிரமிடு, மம்மி செட். பனிப்போர் காலத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த போலந்து, ஹங்கேரி நாடுகளுக்கே அந்தப் பிரம்மாண்ட செட்டை எடுத்துச் சென்றார்கள்.

பெயர் கிடைத்தது, உடம்பு போனது. டூர் முடிந்தபோது குழுவே துவண்டுபோயிருந்தது. இசையையே விட்டுவிடலாமா என்று யோசித்ததாக டிக்கின்சன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆல்பத்துக்கு முன் சில மாதங்கள் கட்டாய ஓய்வு எடுக்க வேண்டி வந்தது.

அப்போது அவர்கள் இருபதுகளிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் இருந்த இளைஞர்கள். 2008-ல் டிக்கின்சனுக்கு 49 வயது, டிரம்ஸ் கலைஞர் நிக்கோ மெக்பிரைனுக்கு 55. பழைய பாணியில் இன்னொரு 11 மாதம் என்பது நினைத்தே பார்க்க முடியாத ஒன்று.

விமானம் எதுக்கு? லாரி போதாதா?

ஐரோப்பாவுக்குள்ளோ அமெரிக்காவுக்குள்ளோ சுற்றினால் லாரி போதும். இரவு கச்சேரி முடிந்ததும் செட்டைப் பிரித்து ஏற்றினால், காலையில் அடுத்த ஊர்.

சிக்கல் வருவது கடல் குறுக்கே வரும்போதுதான். மும்பையிலிருந்து ஆஸ்திரேலியா, அங்கிருந்து ஜப்பான், பிறகு தென் அமெரிக்கா என்றால் சாமான்களைக் கப்பலில் அனுப்ப வாரக்கணக்கில் ஆகும். சரக்கு விமானம் என்றால் செலவு எகிறும். கலைஞர்களும் ஊழியர்களும் தனியாக டிக்கெட் போட்டுப் போக வேண்டும். இடையில் சும்மா இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஹோட்டல், சம்பளம், சாப்பாடு என மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதனால்தான் பெரிய குழுக்கள் பல நாடுகளை வரைபடத்திலிருந்தே கழற்றிவிட்டன. அந்த ஊர்களில் ரசிகர்கள் இல்லாமல் இல்லை. அங்கே போய்வரும் செலவு கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான். அயர்ன் மெய்டனே முதல்முறையாக இந்தியா வந்தது 2007 மார்ச்சில், பெங்களூரு அரண்மனை மைதானத்துக்கு. குழு தொடங்கி 31 ஆண்டுகளுக்குப் பிறகு!

விமானத்தில் என்ன மாற்றினார்கள்?

டிக்கின்சன் பொழுதுபோக்குக்காக விமானம் ஓட்டுபவர் இல்லை. 'அஸ்ட்ரேயஸ்' என்ற பிரிட்டிஷ் சார்ட்டர் நிறுவனத்தில் பயணிகள் விமானத்தின் கேப்டனாகவே வேலை பார்த்தவர். 2008-ல் எக்ஸ்.எல். என்ற நிறுவனம் திடீரென மூடப்பட்டபோது, வெளிநாடுகளில் தவித்த பிரிட்டிஷ் சுற்றுலாப் பயணிகளை அழைத்துவந்த பைலட்களில் அவரும் ஒருவர்.

டூருக்காக அதே அஸ்ட்ரேயஸின் போயிங் 757 விமானம் வாடகைக்கு எடுக்கப்பட்டது. பின்பகுதி இருக்கைகள் கழற்றப்பட்டு, அந்த இடம் சரக்கு அறையாக மாற்றப்பட்டது. முன்பகுதியில் ஆட்கள், பின்பகுதியில் சுமார் 12 டன் சாமான். பயணிகளும் சரக்கும் ஒரே தளத்தில் போவதால் எடை சமநிலை, தீப் பாதுகாப்பு என எல்லாவற்றுக்கும் முறையான ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் விமானத்தில் ஏற்ற முடியுமா என்றால், முடியாது. இந்த மாதிரி டூர்களில் பெரிய ஸ்பீக்கர்கள், லைட் மாட்டும் இரும்புச் சட்டங்கள் போன்றவற்றை அந்தந்த ஊரிலேயே வாடகைக்கு எடுப்பார்கள். இசைக்கருவிகள், திரைகள், எடி உருவம் போன்ற 'இவர்களுக்கே உரிய' சாமான்கள் மட்டும்தான் கூடவே பறக்கும்.

45 நாள் கணக்கு இதுதான்

'சம்வேர் பேக் இன் டைம்' என்று பெயரிடப்பட்ட டூரின் முதல் சுற்று, 2008 பிப்ரவரி 1-ல் மும்பையில் தொடங்கி மார்ச் 16-ல் கனடாவின் டொரன்டோவில் முடிந்தது.

• மொத்தம் 45 நாள், 23 கச்சேரி
• கடந்த தூரம் சுமார் 50,000 மைல், அதாவது 80,000 கிலோமீட்டர். பூமியை இரண்டு முறை சுற்றிவந்த கணக்கு
• பிப்ரவரி 16 டோக்கியோ. பிப்ரவரி 19 லாஸ் ஏஞ்சல்ஸ்
• பிப்ரவரி 24 மெக்சிகோ சிட்டி, 26 கோஸ்டாரிகா, 28 கொலம்பியா, மார்ச் 2 பிரேசிலின் சாவ் பாலோ

கடைசி வரியைக் கவனியுங்கள். எட்டே நாளில் நான்கு நாடு. சாமானும் ஆளும் ஒன்றாகப் போனதால்தான் இது முடிந்தது. நடுவில் இருந்த கோஸ்டாரிகாவில் அயர்ன் மெய்டன் அதற்கு முன் வாசித்ததே இல்லை. தனியாகப் போனால் கட்டுப்படியாகாத ஊர், போகிற வழியில் இறங்கும் ஊராக மாறிவிட்டது.

மார்ச் 9-ல் சிலியின் சாண்டியாகோ. 1992-ல் இதே குழுவின் இசை சாத்தானைப் போற்றுகிறது என்று கத்தோலிக்க திருச்சபை தரப்பு எதிர்த்ததால் அங்கு கச்சேரி ரத்தானது. அதே நகரத்துக்குத்தான் எடியின் படம் வரைந்த விமானத்தில் போய் இறங்கினார்கள்.

மேடையில் இருந்தது 1984-85 டூரின் எகிப்திய செட்டை நினைவூட்டும் அமைப்பு. பாடல்களும் பெரும்பாலும் 80-களில் வந்தவை. ஒரு காலத்தில் குழுவைச் சாய்த்த அதே பாணி கச்சேரியை, இந்த முறை ஒன்றரை மாதத் தவணைக்குள் அடக்கிவிட்டார்கள்.

பாடிவிட்டு விமானம் ஓட்டலாமா?

பலருக்கும் வரும் சந்தேகம் இது. பைலட்களின் பணி நேரத்துக்கு உச்சவரம்பு உண்டு. பறப்பதற்கு முன் குறிப்பிட்ட நேரம் ஓய்வு கட்டாயம். இரவு கச்சேரியை முடித்த கையோடு காக்பிட்டில் ஏறிவிட முடியாது. அதனால் குழுவுடன் வேறு பைலட்களும் சென்றனர். ஓய்வு நேரக் கணக்கு ஒத்துவரும் பயணங்களில்தான் டிக்கின்சன் ஓட்டினார்.

புற்றுநோய்க்குப் பிறகு ஜம்போ

2011-ல் இன்னொரு 757-ல் அடுத்த டூர் நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் அஸ்ட்ரேயஸ் நிறுவனம் மூடப்பட்டது.

2014 டிசம்பரில் டிக்கின்சனுக்கு நாக்கில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. கதிர்வீச்சு, கீமோ சிகிச்சைகள் முடிந்து, 2015 மே மாதம் நோய் நீங்கிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பாடகருக்கு நாக்கிலேயே நோய். மறுபடி பாடுவாரா என்பதே அன்றைக்குக் கேள்வியாக இருந்தது.

அவர் பாட வந்தது மட்டும் இல்லை, போயிங் 747 ஜம்போ ஓட்டவும் பயிற்சி எடுத்தார். 2016-ன் 'தி புக் ஆஃப் சோல்ஸ்' டூருக்கு ஏர் அட்லான்டா ஐஸ்லாண்டிக் நிறுவனத்தின் 747-400 எடுக்கப்பட்டது. 757-ல் செய்தது போல இருக்கைகளைப் பிடுங்கி சரக்கு அறை கட்ட வேண்டிய தேவை இதில் இல்லை. ஜம்போவின் அடித்தளமே மொத்த சாமானையும் விழுங்கிவிடும். சீனாவில் பெய்ஜிங், ஷாங்காய் மேடைகளில் குழு முதல்முறையாக ஏறியது இந்த டூரில்தான்.

சாண்டியாகோ விபத்து

எல்லாவற்றையும் ஒரே விமானத்தில் ஏற்றுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. 2016 மார்ச் 12-ல் அது வெளிப்பட்டது. சாண்டியாகோ விமான நிலையத்தில் எரிபொருள் நிரப்புவதற்காக ஜம்போவை இழுத்துச் சென்றபோது, அது கட்டுப்பாட்டை இழந்து இழுவை வண்டி மீது மோதியது. தரைப் பணியாளர்கள் இருவர் காயமடைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். விமானத்தின் இரண்டு இன்ஜின்கள் கடுமையாகச் சேதமடைந்தன.

அர்ஜென்டினா கச்சேரிகளுக்கு வேறு வழியில் சாமான்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், ரத்து இல்லை. மாற்று இன்ஜின்கள் பொருத்தப்பட்டு, அதே மாதத்திலேயே ஜம்போ பிரேசிலில் குழுவுடன் மீண்டும் சேர்ந்தது.

மற்ற குழுக்கள் ஏன் இதைச் செய்யவில்லை?

முதல் காரணம், மற்ற குழுக்களில் ஒரு டிக்கின்சன் இல்லை. அடுத்தது செலவு. ஜம்போ பறக்கும்போது மணிக்கு சுமார் 10 டன் எரிபொருள் காலியாகும். ஒவ்வொரு ஊரிலும் கூட்டம் நிறைந்தால்தான் கட்டுப்படியாகும்.

மெட்டாலிகா குழு இதற்கு நேர் எதிரான வழியை எடுத்தது. 2023-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய 'எம்72' டூரில், பெரும்பாலும் ஒரே ஊரில் இரண்டு இரவு, இரண்டு இரவும் வெவ்வேறு பாடல்கள் என்று திட்டமிட்டார்கள். அலைச்சல் மிச்சம். ஆனால், தூரத்து ரசிகர்தான் அந்த ஊருக்குப் பயணச் செலவு செய்து வர வேண்டும்.

இப்போது என்ன நிலை?

2018-ல் தொடங்கிய 'லெகசி ஆஃப் த பீஸ்ட்' டூரில் எட் ஃபோர்ஸ் ஒன் இல்லை. மேடைக்கு மேலே மாதிரி ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஒன்று மட்டும் தொங்கியது. 2023-ல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டு மீண்டு வந்த நிக்கோ மெக்பிரைன், 2024 டிசம்பரில் சாவ் பாலோ கச்சேரியுடன் டூர் வாழ்க்கையிலிருந்து விடைபெற்றார். அவருடைய இடத்தில் சைமன் டாசன் வாசிக்க, குழுவின் 50-வது ஆண்டைக் கொண்டாடும் டூர் 2025 மே மாதம் புடாபெஸ்ட்டில் தொடங்கியது.

2008 பயணம் எப்படி இருந்தது என்று பார்க்க ஆசையா? கனடா இயக்குநர்கள் சாம் டன், ஸ்காட் மெக்ஃபேடியன் கூடவே பறந்து எடுத்த 'ஃப்ளைட் 666' ஆவணப்படம் 2009-ல் வெளியானது. மும்பை மேடையும் அதில் உண்டு.