வளைந்து கொடுக்கும் மட்டை

போன மாதம் டொராண்டோவிலிருந்து மகன் போன் செய்தான். பத்தாவது படிக்கும் பேரனுக்கு ஐஸ் ஹாக்கி மட்டை வாங்கக் கடையில் நின்றுகொண்டிருந்தான். "பாயர் கம்பெனி மட்டையில 77ன்னு போட்டிருக்கு, சி.சி.எம்.ல 75ன்னு போட்டிருக்கு. நீங்க ஹாக்கி ஆடினவராச்சே, எதுங்கப்பா வாங்கறது?" என்றான்.

நான் ஆடியது நாமக்கல் பக்கத்துச் செம்மண் தரையில். பனியை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். "ரெண்டு நாள் பொறுப்பா" என்று சொல்லிவிட்டு, படித்துத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கூடவே பழைய கதை ஒன்றும் வந்துவிட்டது.

அந்த எண்ணுக்கு 'ஃபிளெக்ஸ்' என்று பெயர். மட்டையை ஒரு அங்குலம் வளைக்க எத்தனை பவுண்டு பாரம் வேண்டும் என்பதுதான் கணக்கு. 75 என்றால் 75 பவுண்டு, அதாவது சுமார் 34 கிலோ. ஆடுகிறவர் எடையைப் பவுண்டில் போட்டு, அதில் பாதியை எடுத்துக்கொள்வது அங்கே வழக்கமாம். பனியில் மட்டையை அழுத்தி வில் மாதிரி வளைத்து, அது நிமிரும் வேகத்தில் பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டைப் பறக்கவிடுகிறார்கள். அதனால்தான் இந்த எண்ணுக்கு அவ்வளவு மதிப்பு. ஆனால் ஒரு கம்பெனியின் 77க்கும் இன்னொன்றின் 75க்கும் கையில் பெரிய வித்தியாசம் தெரியாது. மேல்முனையில் இரண்டு அங்குலம் அறுத்துவிட்டால் மட்டை இன்னும் விறைத்துவிடும். அச்சடித்த எண் அப்போது பொய்யாகிவிடும்.

நம்முடைய ஹாக்கி மட்டையில் இப்படி எண் எதுவும் இருந்ததில்லை. எங்கள் டிரில் மாஸ்டரின் உள்ளங்கைதான் அளவுகோல். மட்டையின் வளைந்த தலையைத் தரையில் ஊன்றி, ஒரு கையால் பிடியைப் பிடித்து, மறுகையால் நடுவில் ஒரு அழுத்து அழுத்துவார். "இது கை சுடாது, எடுத்துக்கோ" என்பார். அல்லது ஒன்றும் பேசாமல் மூலையில் சாத்திவிடுவார்.

அந்த மட்டைக்கு ஒரு சரித்திரம் உண்டு. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த மட்டை ஆஷ் மரம். தலை நீளமாக இருக்கும். நம் நாட்டில் முசுக்கட்டை மரத்தில், அதாவது மல்பெரியில், செய்தார்கள். அதன் நார் நீராவியில் இளகி, விரிசல் விடாமல் இறுக்கமாக வளையும். தலை குட்டையானது. பந்தை மட்டையோடு ஒட்டவைத்து உருட்டிக்கொண்டு போகும் நம் ஆட்டத்துக்கு அது வசதியாகப் போயிற்று. நம் ராசிபுரம், தர்மபுரிப் பக்கம் பட்டுப்புழுவுக்காக இலை பறிக்கிற அதே மல்பெரிதான். இங்கே செடியாகவே கவாத்து செய்துவிடுகிறோம். வடக்கே அதை மரமாக வளர்த்து மட்டையாக்கினார்கள்.

பிடிக்குள் பிரம்பைச் செருகி, இடையில் ரப்பர் பட்டை வைத்து ஒட்டுவார்கள். அடியின் அதிர்ச்சி கைக்கு வராமல் காப்பது அதுதான். இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர் சியால்கோட். 1947இல் அது பாகிஸ்தானுக்குப் போனதும் அங்கிருந்த பல தொழில்காரர்கள் ஜலந்தருக்கும் மீரட்டுக்கும் வந்து மறுபடி பட்டறை போட்டார்கள். நம் பள்ளிகளுக்கு வந்த மட்டைகளில் பெரும்பாலும் ஜலந்தர் முத்திரைதான் இருக்கும்.

1971இல் எங்கள் பள்ளியில் நல்ல மட்டை என்று இருந்தது ஒன்றே ஒன்று. அதை வைத்து ஆடியவன் என் வகுப்புத் தோழன், தறிக்காரர் மகன். விளையாட்டுச் சாமான் அறையின் சாவி என்னிடம் இருந்தது. ஒரு நாள் பயிற்சி முடிந்து மட்டையை மைதானத்திலேயே மறந்துவிட்டேன். ராத்திரி நல்ல மழை. விடிந்ததும் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் விறகடுப்புப் பக்கத்தில் நிறுத்திக் காயவைத்தேன். ஊறிய மரத்தை அவசரமாகச் சூட்டில் காட்டக் கூடாது என்று அப்போது தெரியாது. பிடிக்குள் பசை விட்டுப்போய்விட்டது. வெளியே நாடா சுற்றியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

மறுவாரம் சேலத்தில் மாவட்டத் தேர்வு ஆட்டம். நாமக்கல்லும் அப்போது சேலம் மாவட்டம்தான். இடைவேளைக்கு முன்பே அவன் மட்டையின் பிடி பிளந்தது. மூலையில் கிடந்த விறைத்த மட்டை ஒன்றை வாங்கி ஆடினான். அடிக்கும்போதெல்லாம் கையை உதறிக்கொண்டே இருந்தான். அவனைத் தேர்வு செய்யவில்லை. தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப். எல்லாம் ஹாக்கிக்காரர்களை வேலைக்கு எடுத்த காலம் அது. அவன் மறுவருடம் தறியில் உட்கார்ந்தான்.

ஆட்டமும் மாறிப்போயிற்று. 1975இல் கோலாலம்பூரில் புல்தரையில் உலகக் கோப்பை வாங்கிய நாம், 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்ததும் ஏழாம் இடத்துக்குப் போனோம். 1980இல் நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வந்தது. அதன் பிறகு மரமே மெல்ல மெல்லப் போய்விட்டது. கண்ணாடி இழை, அராமிட், கார்பன் இழை வந்தன. இப்போது மட்டையில் கார்பன் எத்தனை சதவீதம் என்று போடுகிறார்கள். கார்பன் கூடினால் விறைப்பும் அடியின் வேகமும் கூடும். பந்தை நிறுத்தும்போது கைக்கு இதம் குறையும். ஆனால் ஒரு கம்பெனியின் 50 சதவீதமும் இன்னொன்றின் 50 சதவீதமும் ஒன்றல்ல. இழையின் தரம், அடுக்கும் விதம், மட்டையின் கனம் எல்லாம் சேர்ந்துதான் விறைப்பு. சட்டம் பார்ப்பது வேறு: எடை 737 கிராமுக்கு மேல் கூடாது, நீளம் 105 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது, 51 மில்லிமீட்டர் வளையத்துக்குள் மட்டை நுழைய வேண்டும். பந்தின் வேகம், சோதனையில் மட்டை வீசும் வேகத்தில் 98 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எவ்வளவு வளைய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

போன வருடம் ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்தில் அந்த நண்பனைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஐம்பது வருடத்துக்கு மேல் நெஞ்சில் கிடந்ததைச் சொன்னேன். அவன் ரசத்துக்குச் சோற்றைக் குழி பறித்துக்கொண்டே, "அன்னைக்கே தெரியும்டா. மட்டையில அடுப்புப் புகை வாசம் அடிச்சுது" என்றான்.

"பின்னே ஏன்டா கேக்கல?"

"கேட்டிருந்தா மாஸ்டர் உங்கிட்ட இருந்து சாவியப் புடுங்கியிருப்பாரு. அப்புறம் அந்த ரூமை வெள்ளன யாரு தொறந்து உடுவா?"

மேற்கொண்டு அவன் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மகனுக்குச் சொன்னேன்: "எண்ணைப் பார்க்காதே. பையனையே கடைக்குக் கூட்டிட்டுப் போ. ரெண்டு மட்டையையும் அவனே ஊன்றி அழுத்திப் பார்க்கட்டும். வாங்கின பிறகு நனைஞ்சா நிழல்ல காயவைக்கச் சொல்லு." இந்தக் காலத்து மட்டைக்கு அந்தக் கடைசிப் புத்திமதி தேவையே இல்லை என்று பிறகுதான் தோன்றியது.